முதலில் தண்ணீர், பிறகு மீன்

ஈசூன், சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி வெகுவாகக் குறைந்திருக்கிறது. காலையில் என்னோடு நீர்த்தேக்கம் வரை நடந்து வருகிறாள். மகள் அடுத்த மாதம் பிள்ளைகளோடு வருகிறாள்.

நேற்று நீ தொலைபேசியில் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. வரும் சனிக்கிழமை பேரனோடு சிராங்கூன் நார்த்துக்குப் போய், மீன் தொட்டியையும் தங்கமீன்களையும் ஒரே நடையில் வாங்கிவரப் போவதாகச் சொன்னாய். தொலைபேசியில் விளக்க ஆரம்பித்தால் நம் பேச்சு பாதியில் எங்கோ போய்விடும் என்பதால் எழுதுகிறேன். தொட்டியை வாங்கிக்கொள். மீனை மட்டும் அன்று வாங்காதே.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில் நானும் அப்படித்தான் செய்தேன். இரண்டடித் தொட்டி, நியான் டெட்ரா என்ற சின்ன மீன்கள் பத்து. தண்ணீரை ஓர் இரவு வாளியில் வைத்துவிட்டு ஊற்றினால் போதும் என்று கடைக்காரர் சொன்னார். மூன்றாம் நாள் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீரோ பளிங்கு மாதிரித் தெளிவாக இருந்தது. ஆறாம் நாள் கடைசி மீனையும் வலையில் எடுத்தேன்.

என்ன நடந்தது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும், மிஞ்சிப்போன தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது கண்ணுக்குத் தெரியாது, மீனின் செவுளை அரித்துவிடும். பழகிய தொட்டியில் ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான், மீனின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி செய்துவிடுகிறது. இன்னொரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிய பிறகுதான் மீன் நிம்மதியாக மூச்சு விடும். புதுத் தொட்டியில் இந்த இரண்டு கூட்டமும் இல்லை. அவற்றைக் குடியேற்றுவதைத்தான் மீன் வளர்ப்பவர்கள் சைக்கிளிங் என்கிறார்கள். பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும்.

நம் ஊர்த் தண்ணீரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழாய்த் தண்ணீரில் இங்கே கிருமியைக் கொல்லக் குளோரமின் சேர்க்கிறார்கள், மீனுக்கு அது ஆகாது. குளோரின் என்றால் வாளியில் வைத்தால் பறந்துவிடும். குளோரமின் அப்படி எளிதில் போகாது. அதற்கென்று கடையில் விற்கும் நீர் மருந்தை, குளோரமினுக்கும் ஆகும் என்று புட்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கு. ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் அதை விட வேண்டும்.

இரண்டாவது முறை நான் மீனே இல்லாமல் தொட்டியை ஓடவிட்டேன். பம்ப், ஸ்பாஞ்சு வடிகட்டி, சரளைக் கல், ஒரு கொத்து ஜாவா பாசி, அவ்வளவுதான். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிட்டேன், நுண்ணுயிர்களுக்கு அம்மோனியா வேண்டுமே. "காலித் தொட்டிக்குச் சோறு போடுகிறார்" என்று வீட்டில் கவலைப்பட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்து மில்லி தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, மருந்துச் சொட்டுகளை விட்டுக் குலுக்கி, வெள்ளைத் தாளின் மேல் பிடித்துப் பார்ப்பேன். முதல் வாரம் அம்மோனியாக் குழாய் கரும்பச்சை, அதாவது அம்மோனியா நிறைய. இரண்டாம் வாரக் கடைசியில் அது வெளுக்கத் தொடங்க, நைட்ரைட் குழாய் கத்தரிப்பூ நிறத்துக்கு ஏறியது. பல நாள் அங்கேயே நின்றது. முப்பத்து மூன்றாம் நாள் காலை அம்மோனியாக் குழாய் வெளிர் மஞ்சள், நைட்ரைட் குழாய் வான நீலம். இரண்டும் சுழியம். பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றிவிட்டு அன்று மாலையே மீன் வாங்கப் போனேன். அந்த மகிழ்ச்சியை உன் பேரனும் அனுபவிக்க வேண்டும். நிறம் மாறுவதை அவனே நோட்டில் எழுதட்டும்.

நம் வெப்பம் நுண்ணுயிர்களுக்கு நல்லது, அதனால் ஹீட்டர் வேண்டாம். ஆனால் வெதுவெதுப்பான தண்ணீரில் பிராணவாயு குறைவு, அம்மோனியாவின் நஞ்சும் அதிகம். காற்றுப் பம்பை ஒருபோதும் நிறுத்தாதே. தொட்டியைச் சன்னல் வெயிலிலும் வைக்காதே.

இனி மீன். தங்கமீன் குளிர்ந்த நீரை விரும்புவது, நிறையக் கழிவு போடுவது, பெரிதாக வளர்வது. இரண்டடித் தொட்டி அதற்குப் போதாது. நியானுக்கு நம் முப்பது டிகிரி ஒத்துவராது. என்னைக் கேட்டால் ஆறு ஹார்லிகுவின் ரஸ்போரா வாங்கு. செம்பு நிற உடம்பில் கறுப்பு முக்கோணம், கூட்டமாகத் திரும்பும்போது அவ்வளவு அழகு. சிங்கப்பூர், மலாயா ஓடைகளுக்குச் சொந்தமான மீன் என்பதால் நம் சூடு அதற்குப் பழக்கம்தான். இரண்டு வாரம் கழித்துச் சில பிளாட்டிகளையோ கப்பிகளையோ சேர்க்கலாம். கப்பி வாங்கினால் ஆண் மீனாகவே வாங்கு, இல்லையென்றால் மாதா மாதம் குஞ்சுகளுக்கு வீடு தேடி அலைவாய். மிஞ்சியதை மட்டும் ஓடையிலோ நீர்த்தேக்கத்திலோ விட்டுவிடாதே. அது சட்டப்படி குற்றம், அங்குள்ள மீன்களுக்கும் கெடுதல்.

கப்பி என்றதும் செம்பவாங் ஞாபகம் வந்துவிட்டது. கடற்படைத் தளக் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த வாய்க்காலில் நீயும் நானும் பால் டின்னில் கப்பி பிடித்தோமே! உன் டின்னில் ஒன்று மாதக்கணக்கில் உயிரோடு இருந்தது. அன்று நாம் மீனோடு அந்த வாய்க்கால் தண்ணீரையும் அடியில் இருந்த பாசியையும் சேர்த்தே அள்ளினோம். அதனால்தான் அது பிழைத்தது என்று இப்போது தோன்றுகிறது.

அதே வேலையை இப்போதும் செய்வோம். சனிக்கிழமை தொட்டியை நிரப்பி, நீர் மருந்து விட்டு, பம்பை ஓடவிட்டு வை. என் தொட்டியில் இரண்டு ஸ்பாஞ்சு இருக்கின்றன, நோய் நொடி இல்லாத தொட்டி. ஒன்றை அதே தண்ணீரில் மூழ்கவைத்து, ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் பொங்கோலுக்குக் கொண்டுவருகிறேன். அந்த நுண்ணுயிர்கள் ஸ்பாஞ்சில்தான் வாழ்கின்றன, காய்ந்தால் செத்துவிடும். உன் வடிகட்டியோடு சேர்த்து வைத்தால் ஆறு வாரம் இரண்டு வாரமாகக்கூடக் குறையலாம். அதுவரை அந்த ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவ யாரையும் விடாதே, முக்கியமாக உன் மருமகளிடம் முன்கூட்டியே சொல்லிவை. சோதனை மருந்தும் கொண்டுவருகிறேன். மதியச் சாப்பாடு உன் வீட்டில்தான்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்