வீசாமல் வைத்த நூல்

விசுவமடு

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பல்கலைக்கழகம் போகத் தொடங்கிவிட்டாள் என்ற இடத்தை அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்குப் பெரிய சந்தோசம். இங்கே எல்லோரும் சுகம். வைகாசி முழுக்க வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சட்டை தைக்கச் சனம் வந்தபடியே இருந்தது. இப்போதுதான் கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது.

நான் செய்யும் சுவர்த்துணியைப் பற்றிக் கேட்டிருந்தாய். சட்டை வெட்டி மிஞ்சிய துண்டுகளோடு, துணி ஓரம் அடிக்கிற ஓவர்லொக் மெசினடியில் விழுகிற நூலையும் நான் இப்போது கூட்டி வீசுவதில்லை. நிறம் பிரித்துப் போத்தல்களில் போட்டு வைக்கிறேன். அடியில் ஒரு பழைய படுக்கை விரிப்பு, நடுவில் நைந்த பருத்திச் சீலை, மேலே துண்டுகள். மூன்றையும் சேர்த்துத் தைப்பதுதான் வேலை. நடுவுக்குக் கடைப் பஞ்சு வேண்டாம், சீலைதான் நல்லது. தடிக்காது, ஊசி இலகுவாக இறங்கும். வங்காளத்துப் பெண்கள் தைக்கிற காந்தா என்ற விரிப்பும் பழைய சீலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டதுதான். முந்தி அந்த நூலைக்கூடச் சீலைக் கரையிலிருந்தே உருவி எடுத்திருக்கிறார்கள்.

இப்போது இரணைமடுக் குளத்தைத் துணியில் செய்துகொண்டிருக்கிறேன். நீல நூலையும் பச்சை நூலையும் துணியில் பரப்பி, பழைய நுளம்பு வலையால் மூடி, அலை போகிற பக்கமாக மெசினை ஓட்டினேன். ஒரு நூலும் கழன்று வராது. வெள்ளை வலை போட்டால் நிறமெல்லாம் வெளிறித் தெரியும். கடும் நீல வலை போட்டால் வலை இருப்பதே தெரியாது. ஒன்று மட்டும் கவனம்: இந்த வலை செயற்கை இழை, இஸ்திரிப்பெட்டிச் சூடு நேரே பட்டால் உருகிவிடும். தைக்கும்போது நடுவில் தொடங்கி வெளியே போ, இல்லாவிட்டால் நடுத்துணி சுருங்கி எழும்பும். சிவப்புத் துணி என்றால் முதலில் ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று பார். நீ இருக்கிற இடத்தில் தண்ணீரில் கரைகிற தாள் வாங்கலாம். இரண்டு தாளுக்கு நடுவே நூலை வைத்து, குறுக்கும் நெடுக்குமாக நெருக்கித் தைத்துக் கழுவினால் தாள் கரைந்து நூல் மட்டும் மிஞ்சும். எனக்கும் ஒருக்கால் அதைச் செய்து பார்க்க ஆசை.

அப்புறம், உனக்குச் சொல்லவேண்டிய இன்னொன்று. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் இருந்த ஒரு அம்மா என்னிடம் வந்தா. மகனுடைய சேட்டு ஒன்றைக் கொண்டுவந்து, "இதையும் வைத்துத் தை பிள்ளை" என்றா. சிலியில் 1973 இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு பிள்ளைகளைத் தொலைத்த பெண்கள் மாச்சாக்கில் துண்டுத்துணி தைத்துத் தங்கள் கதையைச் சொன்னார்கள், சிலர் பிள்ளைகளின் உடுப்பிலிருந்தே துணி எடுத்தார்கள் என்று நான் வாசித்திருக்கிறேன். அவர்களுக்கு அது சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் என்னால் அந்தச் சேட்டில் கத்தரிக்கோல் வைக்க முடியவில்லை.

உனக்குத் தெரியும், 2009 சண்டைக்குள் இந்தக் கையால் எத்தனை சீலைகளை வெட்டி மண்மூட்டை தைத்திருக்கிறோம். கூறைச்சீலையையும் விடவில்லை. அன்றைக்கு உயிர் பெரிது, அதனால் வெட்டினோம். இன்றைக்கு அப்படி ஒரு அவசரமும் இல்லை. வெட்டிய மிச்சம் எதுவானாலும் வாங்குவேன், ஆனால் ஒருவர் போட்டிருந்த முழு உடுப்பை வெட்டமாட்டேன். சேட்டைக் கொண்டுவந்த அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவவுக்கும் அதுதான் மனசில் இருந்திருக்கிறது. சேட்டை முழுசாக, பொத்தானோடு, நடுவில் வைத்தேன். ஓரத்தை மட்டும் கையூசியால் பிடித்தேன், அவிழ்க்க வேண்டி வந்தால் துணிக்குச் சேதம் வராமல் அவிழ்க்கலாம். சுற்றிவரப் பாலை மரமும் வானமும் எல்லாம் துண்டும் நூலும்தான். இப்போது அது அவவின் விறாந்தையில் தொங்குகிறது, வெயில் படாத சுவரில். வெயில் பட்டால் நிறம் போய்விடும் என்று நான்தான் இடம் பார்த்துக் கொடுத்தேன்.

குளம் முடிந்ததும் உனக்குத்தான். உன் முன்னறைச் சுவரின் அகலத்தை அளந்து எழுது. தடி கோக்கப் பின்பக்கத்தில் நாலு அங்குலத் துணிக் குழாய் தைத்து விடுகிறேன். நீ அங்கே உடுப்புத் திருத்தும் வேலையில் வெட்டி எறிகிற நூலையும் துண்டையும் ஒரு பையில் போட்டு வை. யாராவது ஊருக்கு வரும்போது கொடுத்துவிடு. சாம்பல் நிறம் இருந்தால் நிறைய அனுப்பு, மாரி வானத்துக்கு என்னிடம் போதாது.

அன்புடன்,
நளா