பேதின்னுதான் நெனச்சேன்

நெட்டைக்கு,

பாளையங்கோட்டையில இருந்து குட்டை எழுதுதேன். 8 மாசமா ஒரு வரி போடலை, வையாதே. மக பரீட்சை எழுதி முடிச்சிட்டாளா? முழங்கால் எப்படி இருக்கு?

ஒரு கூத்து பண்ணிட்டேன் ஏட்டி. உங்கிட்டதான் சொல்ல முடியும்.

எங்க இல்லத்துல ஒரு ஆச்சி இருக்காவ, எலும்புல புத்துநோய். வலிக்கு மார்பீன் மாத்திரை ஆரம்பிச்சதும் ராத்திரி நல்லாத் தூங்குனாவ. 5-ஆம் நாள் உளுந்தங்களியைத் தள்ளி வச்சாவ. மறுநாள் சேலையெல்லாம் தண்ணியாப் போயிருக்கு. பேதின்னு நெனச்சு, நிறுத்துற மாத்திரையைக் கொடுத்துட்டேன்! 26 வருச நர்ஸ் சர்வீஸு, தூ!

டாக்டர் கையுறை மாட்டி விரல் விட்டுப் பார்த்தா, உள்ள கல்லு கல்லா அடைச்சுக் கெடக்கு. அதைச் சுத்திக் கசிஞ்சதுதான் அந்தத் தண்ணி. நான் கொடுத்த லோபரமைடும் மார்பீனுக்குப் பங்காளிதான், குடலைக் கட்டிப் போடுறதே அதுக்கும் சோலி. எனிமா கொடுக்கையில ஆச்சி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "வலியே தேவலைட்டி"ன்னாவ. கக்கூஸுக்குத் தூக்கிட்டுப் போறவளுக்குச் செரமம்னு தண்ணியையே கொறைச்சிருக்காவ, பாத்துக்கோ.

மார்பீனால வர்ற மயக்கமும் குமட்டலும் நாள்பட உடம்புக்குப் பழகிரும், மலச்சிக்கல் மட்டும் பழகாது. முதல் மாத்திரையோடயே மலமிளக்கியும் ஓடணும். எழுதினவரு மறந்தாரு, நானும் கேக்கலை. இசப்கோல் கரைச்சுக் கொடுக்கட்டுமான்னேன். தண்ணி குடிக்காதவங்களுக்கு அது உள்ள போய் இறுகிக்கிடும்னு டாக்டர்கிட்ட அதுக்கும் ஏச்சு.

இப்போ ராத்திரி படுக்கையில சென்னா, கூட மலத்தை இளக்குற லாக்டுலோஸ். சென்னான்னா வேற என்ன, நம்ம நிலாவாரைதான்! உங்க தாத்தா மானாவாரியில போட்டாரே, மஞ்சப் பூவைப் பறிச்சு அடி வாங்குனமே, அதேதான். 'தின்னவேலி சென்னா'ன்னு உலகமெல்லாம் கப்பலேறிப் போன சரக்கு, இங்க நம்ம ஆச்சிக்கு 6 நாள் கழிச்சு வந்து சேருது.

சுவத்துல சார்ட் ஒட்டியிருக்கேன். யாரு என்னைக்குப் போனா, எப்படிப் போச்சுன்னு எல்லாம் அதுல. வாத்தியார் தாத்தா முதல்ல முறைச்சாரு. நேத்து அவரே வந்து, "உள்ளேன் அம்மா"ன்னாரு! ஆச்சி களி கேட்டாவ. நல்லெண்ணெய் கூடவே ஊத்துனேன்.

உங்க அத்தைக்கு இடுப்பு வலிக்கு டிரமடால்னு சொன்னியே, அதுவும் மார்பீன் கூட்டந்தான், குடலைக் கட்டும். "நல்லாப் போகுதா"ன்னு கேக்காதே, ஆமான்னுருவாவ. கடைசியா என்னைக்குப் போனாவன்னு கேளு. இன்னைக்கே கேளு.

குட்டை