நிமிஷத்துக்கு எத்தனை அடி?

ரங்கூன்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்குக் காரணம் சோம்பல்தான், வேறு கதை சொன்னால் நீ நம்பப் போவதில்லை. உன் தங்கச்சிக்கு மூட்டுவலி தேவலை. மழை இன்னும் விடவில்லை.

பையனைப் பற்றிக் கேட்டிருந்தாய். 26 வயது, நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால். கொஞ்சம் உடம்பை அசையேன்டா என்றால் போனை நீட்டுகிறான், பத்தாயிரம் காலடி ஆச்சாம். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் என்கிற அந்த எண்ணே 1965இல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. எந்த ஆராய்ச்சியிலும் பிறந்த எண் இல்லை. அதைவிட, கடைத்தெருவில் வேடிக்கை பார்த்தபடி போடும் அடியும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறதே!

2019இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வைப் படித்தேன். 21 முதல் 40 வயது வரை உள்ள 76 பேரை ட்ரெட்மில்லில் நடக்க விட்டு, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மூச்சில் எவ்வளவு ஆக்ஸிஜன் செலவாகிறது என்று அளந்திருக்கிறார்கள். நிமிஷத்துக்கு ஏறக்குறைய 100 அடி வந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல மூன்று மடங்கு உழைப்பு. அதுதான் மிதமான பயிற்சி. 130 தொட்டால் ஆறு மடங்கு, அது கடும் பயிற்சி. வாரத்துக்கு முன்னதில் 150 நிமிஷமாவது, இல்லாவிட்டால் பின்னதில் 75 நிமிஷமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஸ்மார்ட் வாட்சும் வேண்டாம், நாடியும் பிடிக்க வேண்டாம். 15 விநாடியில் போடும் அடியை எண்ணி நாலால் பெருக்கினால் போதும்.

போன ஞாயிறு விடியற்காலையில் அவனைக் கண்டோஜி ஏரிக்கு இழுத்துப் போனேன். மரப்பலகைப் பாதையில் அவன் பாட்டுக்கு நடக்க, பின்னால் நான் எண்ணினேன். 21 அடி. அதாவது 84! பத்தாயிரம் அடிக்காரரின் லட்சணம் இது. 25 வரும்படி நடடா என்றேன். நடந்தான், பேசவும் செய்தான், ஆனால் பாடச் சொன்னால் முடியவில்லை. பிறகு 33 வரைக்கும் ஏற்றினேன். அப்போது பார்த்துப் பெண் விஷயத்தை எடுத்தேன். இரண்டு வார்த்தைக்கு மேல் பதில் இல்லை. மூச்சு வாங்கியதா, நழுவினானா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், இது உத்தேசக் கணக்குதான். நெட்டைக் காலுக்குக் கொஞ்சம் குறைவான அடியே போதும். கைலி கட்டிக்கொண்டு சின்னச் சின்ன அடியாக ஓடுகிற மாதிரிப் போனால் எண்ணிக்கை ஏறும், தூரம் ஏறாது. ஆகவே கைலியை மடித்துக் கட்டச் சொன்னேன். அவனுக்கு வெட்கம், சுற்றிலும் பெண்பிள்ளைகள் நடக்கிறார்களாம். மேட்டிலும் மணலிலும் குறைந்த அடியிலேயே உடம்பு களைத்துவிடும், அதனால் மெரினா மணலில் எண்ணிப் பார்க்காதே. சமமான தெருவாகப் பார்த்து நட.

திரும்பும்போது இரண்டு கிண்ணம் மொஹிங்கா, அதான் மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ், சாப்பிட்டான். நடந்தது அதோடு சரி.

நீயும் எண்ணி எழுது. எனக்கு 92தான் வந்தது. பையனிடம் சொல்லவில்லை.

உன்
பழைய கூட்டாளி