வேகத்தைக் குறைத்துச் சொன்ன படகு

மினசோட்டா,
ஜூலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. வலி குறைந்துவிட்டதே என்று பயிற்சியை மட்டும் நிறுத்திவிடாதே. இந்த வருடமும் பாலிடெக்னிக்கில் லேப் எடுக்கப் போகிறாய் என்பது இன்னொரு சந்தோஷம். பிள்ளைகளுக்குச் சொல்ல உண்மையான பழுது ஏதாவது இருந்தால் எழுது என்று கேட்டிருந்தாயே, அப்படி ஒன்று இந்த மாதம் பக்கத்து வீட்டிலேயே கிடைத்தது. அதைத்தான் விவரமாக எழுதுகிறேன்.

இங்கே கோடை வந்தால் எல்லோரும் ஏரியில்தான். தண்ணீர்ச் சறுக்கு என்ற விளையாட்டே இந்த மாநிலத்தில் பிறந்ததுதான். 1922இல் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞர் இரண்டு பைன் பலகைகளின் நுனியை வளைத்து, காலில் மாட்டிக்கொண்டு, மிசிசிப்பி ஆறு அகன்று கிடக்கும் பெப்பின் ஏரியில் படகின் பின்னால் கயிற்றைப் பிடித்துச் சறுக்கிக் காட்டினார். இன்று அதற்கென்றே தனியாகப் படகுகள் செய்கிறார்கள். எஞ்சின் நடுவில் இருக்கும், பின்னால் எழும் அலை தாழ்வாக இருக்கும், வேகத்தை ஒரே சீராகப் பிடித்து வைக்கக் காரில் இருப்பது போல ஒரு குரூஸ் கண்ட்ரோலும் இருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் அப்படி ஒரு பழைய படகு இருக்கிறது. அவர் மகள் ஸ்லாலம் பயிற்சி செய்கிறாள். ஒற்றைப் பலகையில் நின்று, ஆறு மிதவைகளை இடமும் வலமுமாகச் சுற்றி வரும் போட்டி அது. படகு 55 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போகும். இங்கே 34 மைல் என்பார்கள். "மீட்டர் 34தான் காட்டுகிறது, ஆனால் கயிறு கையைப் பிய்க்கிறது, வேகம் அதிகமாக இருக்கிறது" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். களைப்பாக இருக்கும் என்றார் அப்பா. ஒரு கடையில் கேட்டபோது, படகைப் பார்க்காமலே வேகத்தை அளக்கும் சென்சாரை மாற்றிவிடலாம் என்றார்களாம். எனக்கு அந்தப் பெண் சொல்வதில் நம்பிக்கை இருந்தது. ஒரே வேகத்தில் திரும்பத் திரும்பச் சறுக்குகிறவளின் தோளுக்கு வித்தியாசம் தெரியாமல் போகாது.

முதலில் மீட்டரைத் தொடவே இல்லை. போனில் ஜிபிஎஸ்ஸைப் போட்டுக்கொண்டு, ஏரியில் போகும் திசையில் ஒரு முறை, திரும்பும் திசையில் ஒரு முறை ஓட்டச் சொன்னேன். இரண்டு திசையும் வேண்டும், ஏனென்றால் படகின் சென்சார் தண்ணீரைப் பொறுத்த வேகத்தை அளக்கிறது, ஜிபிஎஸ் தரையைப் பொறுத்த வேகத்தைச் சொல்கிறது. நீரோட்டம் இருந்தால் ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் குறையும். இரண்டு பக்கமும் ஒரே கதைதான்: மீட்டரில் 34, போனில் 38. எஞ்சினின் சுழற்சி வேகமும் வழக்கத்தைவிட அதிகம். ஸ்லாலம் பாதையின் நீளம் 259 மீட்டர். 55 கிலோமீட்டரில் போனால் அதைக் கடக்க 16.95 வினாடி ஆக வேண்டும். ஸ்டாப்வாட்சில் 15 வினாடிச் சொச்சத்திலேயே முடிந்துவிட்டது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று சாட்சிகள் ஒரே பக்கம் நின்றன.

இங்கேதான் நீ பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது. செத்துப்போன சென்சாரால் பெரிய ஆபத்து இல்லை. மீட்டர் பூஜ்யம் காட்டும், ஓட்டுகிறவர் உடனே கவனிப்பார். குறைத்துச் சொல்கிற சென்சார்தான் மோசம். குரூஸ் கண்ட்ரோலுக்கு உலகத்தைப் பற்றித் தெரிந்தது அந்த ஒரு எண் மட்டுமே. அந்த எண் குறைவாக வந்தால், படகு பின்தங்குகிறது என்று நம்பி, எஞ்சினின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை இன்னும் திறக்கும். திரையில் 34 என்று அழகாக நிற்கும். வேகம் 34இலிருந்து 38க்குப் போனால், மிதவையைச் சுற்றும்போது அந்தப் பெண் தாங்க வேண்டிய விசை ஏறத்தாழக் கால் பங்கு கூடுகிறது. விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் அல்லவா. விழுந்தால் அடியும் அந்த அளவுக்கு இருக்கும். இதைச் சொன்னதும் அப்பா அன்றே பயிற்சியை நிறுத்திவிட்டார். சரியான முடிவு.

படகை டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அடியில் குனிந்து பார்த்தால், கட்டைவிரல் அகலத்தில் ஒரு சின்னத் துடுப்புச் சக்கரம், பேடில் வீல் என்பார்கள். இதழ்களுக்குள் காந்தம், மேலே உறைக்குள் காந்தத்தை உணரும் ஹால் சென்சார். ஒவ்வொரு காந்தமும் கடக்கும்போது ஒரு துடிப்பு; வினாடிக்கு எத்தனை துடிப்பு என்பதுதான் வேகம். எட்வின் ஹால் 1879இல் கண்டுபிடித்த அதே விளைவு, நாம் பரீட்சைக்குப் படித்தது. அச்சைச் சுற்றிப் பச்சை நார் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. மில்ஃபாயில் என்ற அந்நியக் களை அது. மினசோட்டாவில் 1987இல் மினடோங்கா ஏரியில் முதலில் தென்பட்டு, அப்புறம் பல ஏரிகளுக்குப் பரவிவிட்டது. நார் பிடித்ததால் சக்கரம் சுற்றியது, ஆனால் தயங்கிச் சுற்றியது. துடிப்பு குறைந்ததற்குக் காரணம் அதுதான்.

ஊசி மூக்குக் குறடால் நாரை எடுத்ததும் சக்கரம் விரலால் தட்டினாலே ஓடியது. பலர் அங்கேயே முடித்துக்கொள்வார்கள். ஆனால் மீட்டர் சில சமயம் துள்ளுகிறது என்றும் அந்தப் பெண் சொல்லியிருந்தாள். நார் நிதானமாகக் குறைக்கும், துள்ள வைக்காது. அதனால் வயரைப் பிடித்துக்கொண்டே மேலே போனேன். பெட்ரோல் படகு என்பதால் எஞ்சின் அறையைத் திறந்து, ஆவியை வெளியே தள்ளும் புளோவர் விசிறியை ஓடவிட்டு, ஆவி போன பிறகுதான் சாவியைத் திருப்பச் சொன்னேன். எஞ்சினை ஓட்டவில்லை. சென்சாருக்கு மூன்று வயர்: மின்சாரம், எர்த், சிக்னல். மல்டிமீட்டரைச் சிக்னலில் வைத்துக்கொண்டு, கீழே அந்தப் பெண்ணை மெதுவாகச் சக்கரத்தைத் திருப்பச் சொன்னேன். வோல்ட் ஏறி இறங்கியது. சென்சார் உயிரோடு இருக்கிறது, மாற்ற வேண்டியதே இல்லை. கனெக்டரை லேசாக ஆட்டியதும் சென்சாருக்குப் போகும் மின்சாரமே விட்டு விட்டு வந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு பின்னில் பச்சைக் களிம்பு. படகின் அடித்தளத்தில் தேங்கும் தண்ணீரில் அந்தக் கனெக்டர் தொங்கிக்கொண்டு கிடந்திருக்கிறது. சாவியை அணைத்து, பின்னைச் சுத்தம் செய்து, மின்சாரம் கடத்தாத கிரீஸ் தடவி, வயரை உயரத் தூக்கிக் கட்டினோம். பழுது ஒன்றுதான் என்று யாரும் நமக்கு வாக்குக் கொடுக்கவில்லை என்பதையும் வகுப்பில் சொல்.

இன்னும் பழைய படகுகளில் சக்கரம் இருக்காது, எதிரே வரும் தண்ணீரின் அழுத்தத்தை வைத்து வேகத்தைச் சொல்லும் பிடோ குழாய்தான் இருக்கும். ஹென்றி பிடோ 1732இல் பாரிஸில் செய்ன் ஆற்றின் ஓட்டத்தை அளக்கச் செய்த அதே குழாய். கணக்கைப் பிள்ளைகளைப் போடச் சொல்: 58 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீர் தரும் அழுத்தம் சுமார் 1.3 பார், 16 கிலோமீட்டரில் 0.1 பார்தான். மெதுவாகப் போகும்போது அந்த மீட்டரை ஏன் நம்பக்கூடாது என்பது அவர்களுக்கே புரிந்துவிடும். துவாரத்தில் அழுக்கு அடைத்தாலும், குழாயில் ஓட்டை விழுந்தாலும் அதுவும் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்லும். அடைப்பை ஊதுவதற்கு முன் மீட்டரிலிருந்து குழாயைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் காற்றின் அழுத்தத்தில் மீட்டர் கெட்டுவிடும்.

மறுபடி ஏரியில் இறக்கி, ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டு மீட்டரைத் திருத்தினோம். இரண்டு திசையிலும் எண் ஒத்துப்போனது, பாதையைக் கடக்கும் நேரமும் சரியாக வந்தது. அதன் பிறகே அவள் கயிற்றைப் பிடித்தாள். ஜிபிஎஸ்ஸை நம்பி ஓடும் புதிய கண்ட்ரோலை வாங்கலாமா என்று அப்பா கேட்கிறார். போட்டிகளில் இப்போது அதுதான். காசு இருந்தால் வாங்கலாம், களை சிக்காது என்பது உண்மைதான். ஆனால் அதற்கும் கனெக்டர் உண்டு, அதையும் வருடம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

லேப்பில் இதைச் செய்து காட்ட ஒரு ஹால் சென்சார், சின்னக் காந்தம், பழைய மின்விசிறி மோட்டார் போதும். அச்சில் நூலைச் சுற்றித் துடிப்பு குறைவதைக் காட்டிவிடலாம். வரைபடம் போட்டு அடுத்த கடிதத்தில் அனுப்புகிறேன். உன் மகள் கல்யாணத் தேதி முடிவானதும் உடனே தெரியப்படுத்து. பிப்ரவரி என்றால் இங்கே எல்லாம் உறைந்து கிடக்கும், நாங்கள் இரண்டு பேருமே வந்துவிடுவோம். தங்கச்சியிடம் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய லேப் கூட்டாளி