டாலர் டிராப்ட்டும் ஒரு டபிள்யூவும்

கும்பகோணம்
24.6.2025

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டதாக எழுதியிருந்தாய். எனக்கும் அதே தொல்லைதான், இடது கால். இன்னும் ஊசி வரை போகவில்லை, தைலத்தோடு நிற்கிறது. மேட்டூரை 12ஆம் தேதி திறந்துவிட்டார்கள். காவிரியில் தண்ணீர் வந்துவிட்டதால் சாயங்காலம் பகவத் படித்துறையில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். இறங்குவது சுலபம், ஏறுவதற்குத்தான் யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, உன் பழைய கப்பல் கம்பெனிக்காரர்கள் லண்டனிலிருந்து பென்ஷன் பாக்கியைப் பவுண்டு டிராப்ட்டாக அனுப்பப்போகிறார்கள், அதை பாங்க்கில் போட்டுவிட்டுத் திருச்செந்தூர் போய் வரப்போவதாக. அதைப் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். திருச்செந்தூர் தாராளமாகப் போய் வா. மிச்ச ஐந்து படைவீட்டையும் சுற்றிவிட்டு வந்தாலும் பணம் கணக்கில் ஏறியிருக்காது.

என் கதையைக் கேள். டொராண்டோவில் இருந்த அக்கா போனது உனக்குத் தெரியும். உயிலில் தம்பிக்கு என்று கொஞ்சம் எழுதி வைத்திருந்தாள். எனக்கே அது வக்கீல் கடிதம் வந்த பிறகுதான் தெரியும். ஜனவரிக் கடைசியில் கூரியரில் ஒரு கவர், உள்ளே 2,140 அமெரிக்க டாலருக்கு டிராப்ட். கனடா பாங்க்கில் எடுத்தது, பணம் தரவேண்டியது நியூயார்க்கில் உள்ள ஒரு பாங்க். அந்த இரண்டாவது வரியை நான் அன்றைக்குப் படிக்கவே இல்லை. டிராப்ட் என்றால் நமக்குப் பணம்தானே? கட்டிவிட்டுத்தானே எடுக்கிறார்கள், திரும்பிவர வழியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நீ கப்பலுக்குப் போவதற்கு முன்னால், எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரே அறையில் இருந்தோமே, கீழ்வீட்டு அம்மாளுக்கு மஸ்கட்டிலிருந்து மாதாமாதம் டிராப்ட் வரும். ரிஜிஸ்டர் தபால்காரருக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, அன்றே பாங்க்குக்குக் கிளம்பிவிடுவாள். நாலைந்து நாளில் பணம். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் நானும் போனேன். ஆனால் அந்த டிராப்ட் ரூபாயிலேயே எழுதப்பட்டது. அங்கே ரியாலை வாங்கிக்கொண்ட பணமாற்றுக் கடைக்காரர்கள், இங்கே உள்ள பாங்க்கோடு ஏற்பாடு செய்துகொண்டு, திருச்சியிலோ மெட்ராஸிலோ மாற்றிக்கொள்கிற மாதிரி கொடுத்தார்கள். வந்தது கடல் தாண்டி என்றாலும் அது உள்ளூர் டிராப்ட்தான். என்னுடையது அப்படி இல்லை என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

எங்கள் கிளையில் கவுண்டரில் புதுப் பையன். செலானைப் பூர்த்தி செய்யச் சொல்லி, டிராப்ட்டை மற்ற செக்குகளோடு கிளியரிங்கில், அதாவது பாங்க்குகள் தங்களுக்குள் செக்கை அனுப்பிப் பணம் வாங்கிக்கொள்கிற ஏற்பாட்டில், போட்டுவிட்டான். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது, ரிட்டர்ன் சார்ஜும் பிடித்துவிட்டார்கள். நம் கிளியரிங்கில் இந்தியாவில் உள்ள பாங்க்குகள் மேல் எழுதிய செக், டிராப்ட் மட்டும்தான் போகும். நியூயார்க்கில் பணம் வாங்க வேண்டிய காகிதத்துக்கு அங்கே என்ன வேலை? பையனைத் திட்டவும் மனம் வரவில்லை. அவன் வேலைக்கு வந்தபிறகு அப்படி ஒரு காகிதத்தைப் பார்த்ததே இல்லையாம்.

அப்புறம் மேனேஜர் உட்காரவைத்து விளக்கினார். நல்ல மனிதர். வெளிநாட்டு டிராப்ட்டை 'கலெக்‌ஷன்' என்று அனுப்புவார்களாம். நம் கிளையிலிருந்து வெளிநாட்டுச் செலாவணி பார்க்கிற பெரிய கிளைக்கு, அங்கிருந்து கூரியரில் நியூயார்க்குக்கு. அங்கே நம் பாங்க்குக்கும் ஒரு கணக்கு உண்டு. 'நாஸ்ட்ரோ' என்று அதற்குப் பெயர், இத்தாலிய மொழியில் 'நம்முடையது' என்று அர்த்தமாம். டிராப்ட் பாஸாகிப் பணம் அந்தக் கணக்கில் விழுந்தால்தான் இங்கே என் கணக்கில் வரவு. அதாவது உன் பவுண்டு டிராப்ட் தூத்துக்குடியில் பணமாகாது. அது புறப்பட்ட லண்டனுக்கே திரும்பிப் போக வேண்டும்.

"முன்னாலேயே வரவு வைத்தால் என்ன சார்?" என்று கேட்டேன். சிரித்தார். போலி டிராப்ட் நிறைய சுற்றுகிறதாம். எவனோ முகம் தெரியாதவன் கூடுதல் தொகைக்கு ஒரு டிராப்ட் அனுப்புவான், மிச்சத்தைத் திருப்பி அனுப்பு என்பான். பாங்க் அவசரப்பட்டு வரவு வைத்திருந்தால் டிராப்ட் வாங்கியவரும் எடுத்து அனுப்பிவிடுவார். நாலு வாரம் கழித்து டிராப்ட் பொய் என்று சேதி வரும். அப்போது நஷ்டம் மிச்சத்தைத் திருப்பி அனுப்பியவருக்குத்தான். இதைக் கேட்டபிறகு தாமதத்தின் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை.

கோபம் வந்தது பெயரில்தான்.

பாஸ்புக்கில் நான் எம். ராஜேந்திரன். டிராப்ட்டில் ராஜேந்திரன் முத்துசாமி. அந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு பின்பெயர் வேண்டும், அதனால் அக்கா உயிலில் என் பேருக்குப் பின்னால் அப்பாவை வைத்திருக்கிறாள். பரவாயில்லை, பான் கார்டில் அப்பா பேர் முழுசாக இருக்கிறதே என்று எடுத்துக் கொடுத்தேன். செலாவணிக் கிளையிலிருந்து பதில் வந்தது: பான் கார்டில் 'சாமி', டிராப்ட்டில் 'ஸ்வாமி'. இங்கிலீஷில் ஓர் எழுத்து, டபிள்யூ, அதிகம். ஒருவர்தான் என்பதற்குச் சான்று வேண்டும்.

யோசித்துப் பார். ஒரே அப்பாவுக்குப் பிறந்த இருவர், இருபது வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டவர்கள், அப்பா பேரை ஆளுக்கொரு விதமாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம். அறுபத்தேழு வயதில் பாங்க் சொல்லித்தான் தெரிகிறது.

நோட்டரியிடம் போய், இரண்டு பெயரும் என்னையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் அபிடவிட் எழுதி வாங்கினேன். டிராப்ட்டின் பின்னால் முதலில் அதில் உள்ள பெயர்ப்படி ஒரு கையெழுத்து, கீழே பாஸ்புக்கில் உள்ளபடி இன்னொன்று. என் கையெழுத்தையே நான் கள்ளக் கையெழுத்துப் போடுகிற மாதிரி இருந்தது. நடுவில் இன்னொருவர் "சார், இது டிசம்பர் தேதி, மூன்று மாதம் முடியப்போகிறதே" என்று வயிற்றைக் கலக்கிவிட்டார். 2012 ஏப்ரலிலிருந்து இங்கே செக்குக்கும் டிராப்ட்டுக்கும் மூன்று மாதக் கெடு என்பது சரிதான். அமெரிக்காவில் சாதாரணமாக ஆறு மாதம் பார்ப்பார்கள் என்று மேனேஜர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

பிப்ரவரி 17 அன்று ஒருவழியாக அனுப்பினார்கள். மே முதல் வாரம் வரவு. இதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாம் போட்ட நாள் ரேட் கணக்கில்லை, பணம் வந்து சேர்ந்த நாள் ரேட்தான். பிப்ரவரியில் டாலர் 87 ரூபாய் என்று பேப்பரில் பார்த்து மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மே மாதம் அது இறங்கிவிட்டது, பாங்க் வாங்குகிற ரேட் அதற்கும் கொஞ்சம் கீழே, எனக்குக் கிடைத்தது 84. நியூயார்க்கில் 35 டாலர் பிடித்துக்கொண்டார்கள். இங்கே கமிஷன், கூரியர் என்று 1,300 ரூபாய், மாற்றியதற்கு ஜி.எஸ்.டி. 249. கடைசியில் 1,75,271 ரூபாய். என் மனக்கணக்குக்கு ஏறக்குறைய 11,000 குறைவு. உயில் வழியாக வந்த பணத்துக்கு வருமான வரி இல்லை என்று ஆடிட்டர் சொன்னது ஒன்றுதான் ஆறுதல்.

அதனால் உனக்குச் சொல்கிறேன், டிராப்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் இன்றைக்கே லண்டனுக்கு ஒரு மெயில் போடச் சொல் உன் பேத்தியிடம். கணக்குக்கே நேராக அனுப்பச் சொல். கணக்கு எண், பாஸ்புக்கில் உள்ளபடி பெயர், ஐ.எஃப்.எஸ்.சி., அதோடு ஸ்விஃப்ட் கோடு, வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்ப பாங்க்கை அடையாளம் காட்டுகிற குறியீடு. உன் கிளைக்கு ஸ்விஃப்ட் கோடு இல்லை என்றால், செலாவணி பார்க்கிற கிளையுடையதைக் கேட்டு வாங்கிக் கொடு. சில நாளில் வந்துவிடும். எடுத்துவிட்டார்கள் என்றால், கவுண்டரில் கொடுக்காதே. நேரே மேனேஜர் அறைக்குப் போ, 'கலெக்‌ஷன்' என்ற வார்த்தையை முதலில் சொல். முன்பக்கம் பின்பக்கம் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள், கூரியர் எண்ணையும் கேட்டு எழுதிக்கொள். சில கிளைகளில் இப்போதெல்லாம் வெளிநாட்டுக் காகிதமே வாங்குவதில்லையாம். மாட்டேன் என்றால் சண்டை போடாதே, வேறு பாங்க்கைப் பார்.

பணம் அப்படியே கிடக்கிறது. இவள் பம்ப் செட்டை மாற்றலாம் என்கிறாள். எனக்குத் தொட மனம் வரவில்லை. போன வாரம் பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொல்லி எங்கள் இருவர் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தேன். அக்காவுடையதில் டபிள்யூ இருக்கிறது. என்னுடையதில் இல்லை. இரண்டு பள்ளிக்கூடம், இரண்டு எழுத்தர், அவரவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். இரண்டிலும் கீழே அப்பாவின் கையெழுத்து, தமிழில், ஒரே மாதிரி.

உன் அப்பா பேரிலும் ஒரு 'ஸ்வாமி' உண்டு. லண்டன்காரர்கள் உன் பெயரை எப்படி அடித்திருக்கிறார்கள் என்று எழுத்து எழுத்தாகப் போனில் படித்துக் காட்டு. காலை எட்டு மணிக்கு மேல் கூப்பிடு, அதற்கு முன் எனக்குக் காது கேட்பதில்லை.

உன்
ராஜேந்திரன்