அந்திமந்தாரை விதையில் கலப்படம் இல்லை

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லாரும் நலம். போட்டோ வந்தது. ரோஸ் பூ விதை என்று கொடுத்துவிட்டு மூன்று நிறத்தில் பூக்கிறதே, கலந்துவிட்டாயா அம்மா என்று கேட்டிருக்கிறாய். கலக்கவில்லை தாயே! கிணற்றடியில் தனியாக நிற்கிறதே ரோஸ் அந்திமந்தாரை, அதன் அடியில் பொறுக்கியதுதான் அத்தனையும்.

பரம்பரைக் குணம் எப்படி வருகிறது என்று பட்டாணிச் செடியில் கண்டுபிடித்த மெண்டலை நினைவிருக்கும். கலப்பில்லாத நெட்டையும் குட்டையும் சேர்ந்தால் பிள்ளைகள் எல்லாம் நெட்டை. அந்திமந்தாரையில் சிவப்புக்கு அந்த அதிகாரம் கிடையாது. நிறம் தரும் ஜீன் இரண்டு பக்கமிருந்தும் வந்தால் சிவப்பு, ஒரு பக்கம் மட்டும் வந்தால் சாயம் குறைந்து ரோஸ், வராவிட்டால் வெள்ளை. மறந்துபோன மெண்டலின் ஆய்வை 1900-இல் மீட்டெடுத்தவர்களில் ஒருவரான ஜெர்மானியர் கார்ல் கோரன்ஸ் இதே செடியில்தான் இதைக் காட்டினார்.

ரோஸ் செடி தன் மகரந்தத்தாலேயே காய்த்தால் நாலில் ஒன்று சிவப்பு, இரண்டு ரோஸ், ஒன்று வெள்ளை. உனக்கு எட்டில் ஒன்று, ஐந்து, இரண்டு என்று வந்திருக்கிறது. கணக்கு இடிக்கிறதே என்று பார்க்காதே. எட்டு விதையில் 2, 4, 2 என்று அச்சாக அமைவதே பத்துக்கு ஒரு தடவைதான். வெள்ளையே வராமல் போகவும் ஏறக்குறைய அதே வாய்ப்பு. நூறு விதை போட்டால் கணக்கு நெருங்கி வரும்.

பட்டாணியில் நெட்டையைப் பார்த்து உள்ளே என்ன ஒளிந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. இங்கே பூவே சொல்லிவிடும். உன் சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்தால் வருவது அத்தனையும் ரோஸ்தான்.

சேர்ப்பது எப்படி? மதியம் மூன்று மணிவாக்கில், நாளை மலரப்போவதை விட்டுவிட்டு, அன்றே விரியவிருக்கும் சிவப்பு மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிடு. மாலையில் வெள்ளைப் பூ விரிந்ததும் அதன் மகரந்தத்தைச் சூலக நுனியில் தடவி, காம்பில் நூல் கட்டிவை. ஒரு பூவுக்கு ஒரே விதை, அதனால் நிறையப் பூக்களைத் தொட வேண்டியிருக்கும்.

அவ்வளவு பொறுமை ஏது உனக்கு! வேர்க்கிழங்கை நட்டால் நிறம் மாறாது. அப்பா வரும்போது ஒன்று தோண்டிக் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மா