செயலாளரின் ஆண்டறிக்கை: வாசகர் வட்டம், கோத்தகிரி

தலைவருக்கும், இந்த மழையிலும் வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மண்சரிவால் ஒருமுறை தள்ளிப்போனதைத் தவிர, மாதக் கூட்டங்கள் குறையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நான் மரபணுக் கூட்டத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அன்று எழுந்த கேள்விக்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர் பேசினார். கரும்பலகையில் பாட்டி, அம்மா, மகள் என்று சிவப்புச் சாக்பீஸால் கோடு இறக்கினார். அது செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும், தாய்வழியில் மட்டும் வரும் டிஎன்ஏ; மகனுக்கு வரும், அவனோடு நின்றுவிடும். ஆண்களிடம் மட்டும் இருக்கும், அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் மரபணுத் தொகுப்பான ஒய் குரோமோசோமுக்கு வெள்ளைக் கோடு. உடல் டிஎன்ஏவைப் படியெடுக்கும்போது எப்போதோ விழுந்த பிழை வாரிசுகளுக்கும் அப்படியே போகிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் முன்னோர் வந்த வழியைத் தேடுகிறார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்ட எம்130, ஒய் குரோமோசோமில் உள்ள அப்படியொரு அடையாளம். ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் அது உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்தவர்களின் தடம் என்று அதைச் சொல்கிறார்கள்.

"அப்போ அவங்கதான் முதல் குடியா?" என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்டார். ஆசிரியர் பலகையில் 1024 என்று எழுதினார். பத்துத் தலைமுறை மேலே போனால் அத்தனை முன்னோர். வெள்ளைக் கோடு காட்டுவது அதில் ஒருவரை. மொத்த மரபணுவையும் அலசிய 2009 ஆய்வில், இந்தியாவில் அநேகமாக எல்லாச் சமூகமும் பழைய கலப்புதான் என்று தெரிந்தது. யார் முந்தி என்ற சண்டைக்கு இதில் இடமில்லை என்பது என் கருத்து.

அப்புறம் பேச்சு நம் மலைக்கு வந்தது. நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தில் அரிவாள் செல், அதாவது சிவப்பணுவை அரிவாள்போல் வளைக்கும் பரம்பரைக் கோளாறு, இருப்பது 1952-லேயே பதிவானது. அதைக் கேட்டதும் இருளர் சகோதரி ஒருவர் எழுந்தார். "எங்க பாட்டி காலத்துலேருந்து ரத்தம் எடுத்துட்டுப் போறாங்க. என்ன தெரிஞ்சுதுன்னு ஒருத்தரும் திரும்பி வந்து சொல்லலையே" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. என் மனதை அந்தக் கேள்வி இன்னும் அறுக்கிறது.

சரி, நம்மால் முடிந்ததைச் செய்வோம் என்று முடிவெடுத்தோம். ரத்தம் கொடுக்கும் முன் என்ன கேட்க வேண்டும், முடிவை எப்படிக் கேட்டு வாங்க வேண்டும் என்று எளிய தமிழில் ஒரு சிறு பிரசுரம் வரும். முதல் வரைவை அந்தச் சகோதரியிடம்தான் கொடுத்திருக்கிறோம். அவர் திருத்தித் தந்த பிறகே அச்சுக்குப் போகும்.

செயலாளர்